வேர் எந்தப் பக்கம்?

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடனுக்கு அறுபத்திரண்டு. குருவுக்குக் கண் பார்வை இல்லை. முன்னுரை இவ்வளவு போதும்.

குருவின் பெயர் நிரோசா. பத்தொன்பது வயதில் பார்வை போனது. எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு, "மெல்ல மெல்ல, ஆறுதலாப் போனது" என்பாள். அதற்கு மேல் கேட்க விடமாட்டாள். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பதினாறு மாடிக் கட்டடத்தில், நாலாம் மாடியில் இருந்தாள். ஓடுவது அவளுக்குச் சோறு மாதிரி.

சீடனின் பெயர் தியாகலிங்கம். அதே கட்டடம், ஒன்பதாம் மாடி. இருபத்தாறு வருஷம் அந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே நெஞ்சில் ஒரு அடைப்பு. டாக்டர் நடக்கச் சொன்னார். அவர் லிஃப்ட் வரை நடந்தார்.

லிஃப்டில்தான் குரு அவரைப் பிடித்தாள்.

"ஒன்பதாம் மாடி மாமாவோ?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பெருமூச்சு விடுறியள். நாலில இறங்காம எண்ணிக்கொண்டு வந்தனான். ஓடுவியளோ?"

"பஸ்தான் ஓட்டியிருக்கிறன், பிள்ளை."

"அப்ப றோட்டைப் பாத்துச் சொல்லத் தெரியும். நாளைக்குக் காலமை வாங்கோ."

அப்படித்தான் தொடங்கியது. அவர் உடுத்த பழைய சாரத்தின் கரையைக் கிழித்து அவருடைய மனைவி பரமேஸ் ஒரு கயிறு பின்னிக் கொடுத்தாள். ஒரு முழம். இரண்டு நுனியிலும் வளையம். ஒன்று நிரோசாவின் கையில், மற்றது அவர் கையில். பக்கத்தில் ஓடிக்கொண்டே அவர் சொல்ல வேண்டும்: மேடு, பள்ளம், வலம், இடம், தண்ணீர், நாய். அவள் கேட்டு ஓடுவாள். அவர் பாதையைச் சொன்னார். அவள் அவருக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தாள், காலை எங்கே வைப்பது, தோளை எப்படித் தளர விடுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அதனால் அவர் அவளை "டீச்சர்" என்றார். முதலில் பகிடிக்கு. பிறகு பகிடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கோடை முழுக்க ஓடைக்கரைப் பாதையில் ஓடினார்கள். போய்த் திரும்பினால் இருபத்தொரு கிலோமீற்றர். ஐப்பசியில் அவர் அதை ஒரு தடவை முழுதாக ஓடி முடித்து, புல்லில் மல்லாந்து விழுந்து, வீட்டுக்குப் போன் எடுத்து அழுதார். பரமேஸ் அம்புலன்ஸைக் கூப்பிடப் பார்த்தாள்.

மே மாதம் அதே பாதையில் போட்டி. அதில் ஓட வேண்டும் என்பது நிரோசாவின் நாலு வருஷத்து ஆசை. வழித்துணை இல்லாமல் அவளை ஓட விடமாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் கோடையில் ஒரு துணை கிடைக்கும். பனிக்காலத்தில் அது காணாமல் போகும். மூன்று பனிக்காலம், மூன்று பேர்.

காரணம் பனி அல்ல. பனிக்கட்டியில் ஒருவர் சறுக்கினால் கயிற்றில் இருக்கும் இரண்டு பேரும் விழ வேண்டும், அதனால் மார்கழி தொடங்கி ஏப்ரல் வரை கட்டடத்தின் நிலக்கீழ் அறையில்தான் ஓட்டம். துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்து அறை. இரண்டு ட்ரெட்மில். எதிரே ஒரு பழுப்புச் சுவர். சுவரில் ஒரு தீயணைக்கும் சிலிண்டர். அந்தச் சுவரும் சிலிண்டரும்தான் காரணம்.

தியாகலிங்கம் மூன்று வாரம் அந்தச் சுவரைப் பார்த்தார். நாலாம் வாரம், ஜனவரி பிறந்த கையோடு, கேட்டார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்கோ, மாமா."

"இந்த மெசின்ல அலுப்பில்லாம ஓடுறது எப்பிடி?"

"என்னென்ன செய்து பாத்தியள்?"

"பாட்டுக் கேட்டன். புளி டொபி வாயில போட்டன். நேரம் காட்டுற இடத்தைத் துவாயால மூடினன்."

"மூடினா?"

"ஒவ்வொரு நிமிசமும் துவாயைத் தூக்கிப் பாத்தன்."

"வேற?"

"பரமேஸ் தேவாரம் கேக்கச் சொன்னா. கேட்டன். பதிகம் முடிஞ்சுது. மெசின் ஒன்பது நிமிசம் எண்டு காட்டுது. சீரியல் பாத்தன். அதில ஒரு மாமியார் கதவைத் திறக்கிறதுக்கு ஆறு நிமிசம் எடுத்தா. அலுப்புக்கு மேல அலுப்பு."

நிரோசா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் ஒளிக்காமச் சொல்லுறன், டீச்சர். மாசக் கடைசி வரைக்கும் பாப்பன். அலுப்புப் போகாட்டி நிப்பாட்டுவன். பஸ்ஸில இருபத்தாறு வருசம் இருந்தனான். ஒருநாளும் ஒரே இடத்தில நிண்டுகொண்டு சில்லுச் சுத்தேல்லை."

அவள் துவாயால் முகத்தைத் துடைத்தாள். துடைக்க நேரம் எடுத்தாள். அவளுடைய பையில் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் தாள் மடித்து இருந்தது. அவள் பெயர் எழுதியாயிற்று. கீழே வழித்துணையின் பெயருக்கு ஒரு கோடு, வெறுமனே கிடந்தது. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் அனுப்ப வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

"மற்ற மூண்டு பேரும் சொல்லாமப் போனவை," என்றாள். "நீங்கள் சொல்லிப்போட்டுப் போறியள். முன்னேற்றம்தான்."

"பகிடியை விடும். கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்."

"நாளைக்குக் கயிறைக் கொண்டு வாங்கோ."

"கயிறோ? எங்கை போறதுக்கு?"

அவள் அதற்குள் சுவரைத் தொட்டுக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் அவர் கயிறு கொண்டு வந்தார். பக்கத்து ட்ரெட்மில்லில் நின்று அவள் கையை நீட்டினாள். வளையத்தை மாட்டினார். துணி துவைக்க வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தியாகலிங்கத்துக்குக் காது சூடாயிற்று.

"விசர் வேலை, டீச்சர்."

"ஓடுங்கோ. பாதையைச் சொல்லுங்கோ."

"எந்தப் பாதையை?"

"மே மாசத்துப் பாதையை. ஓடைக்கரையில நிக்கிறம். வெளிக்கிடுறம். சொல்லுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார்.

"நேரா."

அவள் ஓடினாள்.

"நேரா."

அவள் ஓடினாள்.

"இன்னும் நேரா."

"மாமா, நாங்கள் என்ன தண்டவாளத்திலயோ ஓடுறம்?"

"பாதை நேராத்தானே போகுது, நான் என்ன செய்ய? இந்தா, பாலம் வருது."

"பாலத்துக்கு முதல் என்ன?"

"ஒண்டுமில்லை."

"வடிவா யோசியுங்கோ."

"மரங்கள். புல்லு. வேற ஒண்டுமில்லை, டீச்சர்."

"அப்ப போன ஆடியில எனக்கு என்னத்தில கால் பிரண்டது?"

பக்கத்து அறையில் துணி சுழன்றுகொண்டிருந்தது. ஆடியில் அவள் இரண்டு கிழமை நொண்டினாள். அவர் அந்த இடத்தில் மருமகனுடைய கலியாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டு ஓடினார். ஆட்டிறைச்சி வேகவில்லை என்ற இடத்தில் அவள் விழுந்தாள். அன்றைக்கு மன்னிப்புக் கேட்டார். அவளும் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அதை எடுக்கிறாள்.

"வேர்," என்றார்.

"எந்தப் பக்கம்?"

வலம் என்று வாயில் வந்தது. இடம் என்றும் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அவள் தன் இயந்திரத்தை நிறுத்தினாள். "இண்டைக்கு இவ்வளவு காணும்."

"பதினொரு நிமிசம்தான் ஓடியிருக்கிறம்!"

"பாதை அவ்வளவுதான் இருந்தது, மாமா."

அடுத்த நாள் மதியம் அவர் பனிச் சப்பாத்தைக் கட்டினார். பரமேஸ் குசினியிலிருந்து வந்தாள்.

"வெளியில மைனஸ் பதினெட்டு. எங்கை போறியள்?"

"ஒரு வேர் பாக்க."

"ஏன், ஆருக்குச் சுகமில்லை?"

"எனக்குத்தான்," என்று கதவைச் சாத்தினார்.

ஓடைக்கரையில் ஆள் இல்லை. பாதை, புல், கரை எல்லாம் ஒரே வெள்ளை. பாலத்திலிருந்து பின்னால் நடந்தார். சப்பாத்து முனையால் பனியைக் கிளறினார். வலப்பக்கம் கிளறினார். இடப்பக்கம் கிளறினார். பிறகு முழங்காலை ஊன்றிக் கையால் தோண்டினார். நாயோடு வந்த ஒரு சீனத்து அம்மா நின்று, "ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆம்," என்றார்.

அந்த அம்மாவும் கொஞ்ச நேரம் காலால் கிளறிப் பார்த்தாள். என்ன தேடுகிறோம் என்று கேட்கவில்லை. நல்லவள். நாய்தான் பொறுமை இழந்து அவளை இழுத்துக்கொண்டு போனது.

முக்கால் மணி நேரத்தில் வேர் அகப்பட்டது. ஒரு கைப் பருமன். பாம்பு மாதிரி பாதையின் பாதி வரை வந்து திரும்பி உள்ளே போயிருந்தது. அதன் பக்கத்தில் அவர் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழும்பி, பாலம் வரை அடி எண்ணினார்.

நாலு மணிக்கு நேரே நிலக்கீழ் அறைக்குப் போனார். கதவைத் திறந்து நாலு அடி வைக்கவில்லை, நிரோசா சொன்னாள்:

"சப்பாத்து நனைஞ்சிருக்கு."

"எப்பிடித் தெரியும்?"

"தவளை மாதிரிக் கத்துது."

அவர் சப்பாத்தை மாற்றினார். கயிற்றை மாட்டினார். பெல்ட் நகர்ந்தது.

"வெளிக்கிடுறம்," என்றார். "இடப்பக்கம் ஒரு குப்பைத்தொட்டி, மூடி இல்லை. நேரா நூற்றிருபது அடி. வலப்பக்கம் குந்தியிருக்க ஒரு வாங்கு. ஆரோ செத்துப்போன நாயின்ரை நினைவுக்கு வச்ச வாங்கு, பேர் அடிச்சிருக்கு. பாதை கொஞ்சம் இடப்பக்கம் சரியுது, உம்மடை இடக்கால் பதிவா விழும். இப்ப மரம். பெரிய மரம். என்ன மரமெண்டு தெரியாது, பட்டை முதலைத் தோல் மாதிரி. வேர். வலப்பக்கம்! வலக்காலைத் தூக்கும்!"

நிரோசா ஓடும் பெல்ட்டில் வலக்காலைத் தூக்கி வைத்தாள்.

"தாண்டியாச்சு," என்றார். "பதினாறு அடியில பாலம்."

"பாலத்துக்கு அங்காலை?"

"அது நாளைக்கு."

இப்படித்தான் ஜனவரி போனது. தினமும் மதியம் அவர் ஒரு துண்டுப் பாதையைப் போய்ப் பார்ப்பார். நாலு மணிக்கு வந்து சொல்வார். பாதை தூரமாகத் தூரமாக நடந்து கட்டுப்படியாகவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி, அந்தத் துண்டை நடந்து, பஸ்ஸில் திரும்பினார். ஓட்டுநர்கள் அவரை அடையாளம் கண்டு, "ஓய்வு எடுக்கத் தெரியாதா உனக்கு?" என்று திட்டினார்கள்.

பாலத்தில் நாற்பத்தொரு பலகை என்றார். ஏழாவது பலகை ஆடும். ஏற்றம் வந்தால் கையை நீட்டி இரண்டு இயந்திரத்திலும் ஏற்றப் பொத்தானை அமுக்கினார். "பஸ் எண்டா ரெண்டாம் கியர் போடோணும்," என்றார். ஒரு இடத்தில் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடுவது கேட்கிறது என்றார். எப்படிக் கேட்கிறது என்று அவள் கேட்டாள். அன்றைக்கு அவருக்குச் சொல்ல வரவில்லை. மறுநாள் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார்:

"மூடின பானைக்குள்ள சோறு கொதிக்கிற மாதிரி."

"ஓம்," என்றாள் அவள். "அப்பிடித்தான் இருக்கும்."

ஒரு நாள் அவளே கேட்டாள்.

"மாமா, மூண்டாம் வளைவில காத்தடிச்சா ஒரு சத்தம் வரும். டொக், டொக் எண்டு. ஆறு வருசமாக் கேக்கிறன். அது என்ன?"

அவர் காற்றடிக்கும் நாளாகப் பார்த்துப் போனார். வந்து சொன்னார்.

"நாயைக் கட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு தகரப் பலகை. மேல் ஆணி கழண்டிட்டுது. கம்பத்தில அடிபடுது."

"தகரமோ?"

"ஏன், நீர் என்ன நினைச்சனீர்?"

"மரங்கொத்தி."

அவர் வேகத்தை ஒரு புள்ளி குறைத்தார். "சொல்லாம விட்டிருக்கலாம் போல."

"இல்லை, இல்லை. இருக்கிறதைச் சொல்லுங்கோ. மரங்கொத்தியை நான் வேற இடத்தில வச்சுக்கொள்ளுறன்."

இருபதாம் திகதி அளவில் ஒரு விபத்து. அன்றைக்கு அவர் ஐந்தாம் வளைவுக்கு வந்திருந்தார். அந்த இடத்தில் பாதை ஓடையை ஒட்டித் திடீரென்று மடங்கும். கவனமாகச் சொல்ல வேண்டிய இடம். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, சுவரை அல்ல, சுவருக்கு அப்பால் எதையோ பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார்.

"கிட்ட வாறம். கிட்ட வாறம். வலப்பக்கம் தண்ணி. இப்ப திரும்பும், இடப்பக்கம்!"

சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

இடப்பக்கம் கைப்பிடி இருந்தது. அதில் இடித்து, பெல்ட் அவரைப் பின்னால் கொண்டுபோய், குப்பை மாதிரி நிலத்தில் கொட்டியது. கயிறு கையை விட்டுக் கழன்றது. நிரோசா கையால் தடவி இயந்திரத்தை நிறுத்தினாள்.

"மாமா! மாமா! நெஞ்சோ?"

"நெஞ்சில்லை."

"அப்ப?"

அவர் நிலத்தில் கிடந்தபடியே முழங்காலைத் தடவினார்.

"திரும்பிட்டன், டீச்சர்."

"என்னது?"

"வளைவில திரும்பினனான்."

அவள் இயந்திரத்தின் ஓரத்தில் குந்திச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டின மனிசன்! வீட்டுக்குள்ள திரும்பி விழுந்திருக்கிறார்!"

"சத்தம் போடாதையும். துவைக்கிற அறையில ஆக்கள் நிக்கினம்."

"ஓடைக்குள்ள விழேல்லைத்தானே?"

"இல்லை. கரையிலதான்," என்று அவரும் சிரிக்கத் தொடங்கினார். முழங்கால் தோல் போயிருந்தது. எழும்பும்போது இயந்திரத்தின் முகம் கண்ணில் பட்டது. ஐம்பத்தெட்டு நிமிஷம் என்று இருந்தது. துவாய் வீட்டில் கிடந்தது.

போட்டித் தாள் அவளுடைய பையிலேயே இருந்தது.

இருபத்தொன்பதாம் திகதி பாதை முடிந்தது. போய்த் திரும்பும் இடத்தில் உள்ள கல்லைச் சொல்லி, காற்றில் கை நீட்டி அதைத் தொட்டு, "இவ்வளவும்தான், டீச்சர்," என்றார். அவள் கை தட்டினாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று பரமேஸிடம் முழுப் பாதையையும் சாப்பிடச் சாப்பிடச் சொன்னார். பரமேஸ் இரண்டாம் வளைவில் நித்திரையானாள்.

முப்பதாம் திகதி மதியம் அவர் வெளியே போகவில்லை. போக இடம் இல்லை. எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டில் படுத்துவிட்டு நாலு மணிக்கு இறங்கி வந்தார். கயிற்றை மாட்டினார். குப்பைத்தொட்டியிலிருந்து தொடங்கினார். வாங்கு. சரிவு. மரம். வேர், வலப்பக்கம். பாலம், நாற்பத்தொன்று, ஏழாவது ஆடும். மனப்பாடம். வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கண் மெல்லப் போய்ச் சிலிண்டரில் நின்றது.

பதினாலாம் நிமிஷத்தில் அவர் நேரத்தைப் பார்த்தார்.

"பாதை முடிஞ்சுது, டீச்சர்," என்றார். "பழையபடி அலுப்பு வந்திட்டுது. இனி என்ன செய்ய?"

"பாதையைச் சொல்லுங்கோ."

"சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன்!"

"இண்டைக்குச் சப்பாத்துக் கத்தேல்லை, மாமா."

"அதுக்கு?"

"ஒண்டுமில்லை. சும்மா சொல்லுறன்."

தியாகலிங்கம் இயந்திரத்தை அடித்து நிறுத்தினார்.

"முழுப் பாதையும் எனக்குப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்."

"எனக்கும்தான்," என்றாள் நிரோசா.

"அப்ப நான் எதுக்கு?"

அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். அந்த ஓட்டம்தான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"நாளைக்கு மாசக் கடைசி. நான் சொன்னது நினைவிருக்குத்தானே? அலுப்புப் போகேல்லை."

"நினைவிருக்கு."

கயிற்றைக் கழற்றிக் கைப்பிடியில் எறிந்துவிட்டுப் போனார்.

முப்பத்தொன்றாம் திகதி விடியற்காலையிலிருந்து பனிமழை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிற மழை. பள்ளிக்கூட பஸ் ஓடவில்லை. நாலு மணிக்கு நிரோசா நிலக்கீழ் அறைக்கு வந்தாள். அவர் இல்லை. இயந்திரத்தின் ஓரத்தில் இருந்தாள். கைப்பிடியில் கிடந்த கயிற்றை எடுத்துக் கையில் சுற்றினாள். அவிழ்த்தாள். சுற்றினாள்.

நாலரை ஆயிற்று. போனை எடுத்தாள். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மூன்று பேருக்கு அப்படி எடுத்திருக்கிறாள். மூன்று தரமும் மணி மட்டும் அடித்தது.

ஐந்து மணிக்குத் தாளைப் பையிலிருந்து எடுத்தாள். நாலாக மடித்தாள். இன்னும் மடிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஐந்தே காலுக்குக் கதவு திறந்தது. தவளை கத்தியது.

அவள் எழும்பவில்லை. அவர் வந்து சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மூண்டாம் வளைவில," என்றார், "கிளை ஒண்டு முறிஞ்சு குறுக்கால கிடக்கு. பெரிசு. என்ரை தொடையளவு மொத்தம். இழுத்துப் போட நேரமாச்சு. பஸ்ஸும் ஓடேல்லை. நடந்து போய் நடந்து வந்தன்."

"அது ஏப்ரலுக்கு முதல் நகரத்து ஆக்கள் வந்து எடுப்பினம், மாமா."

"எடுப்பினம்."

"நாங்கள் மே மாசம்தானே அதில ஓடுறம்."

"நீர் இண்டைக்கும் அதாலதானே வருவீர்?" என்றார் எரிச்சலோடு. "நாலு மணிக்கு வெளிக்கிட்டா நாலே காலுக்கு மூண்டாம் வளைவு. கிளை கிடக்குது. நான் என்ன செய்ய, பாத்திட்டு விட்டிட்டு வரவோ?"

நிரோசா மடித்த தாளை நீட்டினாள்.

அவர் விரித்தார். சட்டைப்பையில் பேனை தேடினார். விரல்கள் விறைத்திருந்தன. பெயரை எழுதினார். அது தியாகலிங்கம் என்று படிப்பதற்கு ஒரு நல்ல மனசு வேண்டும். ஈரத்தில் மை பரவி, கோட்டைத் தாண்டி அவள் பெயர் வரைக்கும் போய்விட்டது.

"ஊத்தையாப் போச்சு," என்றார்.

"படம் பிடிச்சு அனுப்புங்கோ. ஆக்கள் வாசிப்பினம்."

போனில் படம் பிடித்து அனுப்பினார். சப்பாத்தை மாற்றினார். அவள் கயிற்றின் மற்ற வளையத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். மாட்டினார். இரண்டு பெல்ட்டும் நகர்ந்தன.

"வெளிக்கிடுறம்," என்றார். "குப்பைத்தொட்டி இண்டைக்குக் கண்ணாடி மாதிரி. தட்டினா மணிச் சத்தம் கேக்கும். தட்டிப் பாத்தனான். வாங்கில ஆரோ ஒரு எலும்புத் துண்டு வச்சிருக்கினம். நாய்க்குத்தான்."

"அந்த நாய்க்கோ?"

"அந்த நாய்க்குத்தான். செத்த நாளோ என்னவோ."

கொஞ்சத் தூரம் ஓடினார்கள். பக்கத்து அறையில் யாரோ துணியைப் போட்டுவிட்டுக் காசு தேடினார்கள்.

"டீச்சர்."

"ம்."

"மற்ற மூண்டு பேரையும் பாதையைச் சொல்லச் சொன்னனீரோ?"

"சொன்னனான்."

"சொன்னவையோ?"

"சொன்னவை. மூண்டு பேரும் வடிவாச் சொன்னவை. உங்களைவிட வடிவா."

அவருக்குச் சுருக்கென்றது. "பிறகென்ன?"

கயிறு இரண்டு கைகளுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. நிரோசா முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்திருந்தாள்.

"ஒருத்தற்றை சப்பாத்தும் கத்தேல்லை, மாமா," என்றாள். "வேர் வருது. சொல்லுங்கோ."